தார்பாய்க்கு அடியில் முத்துக்குளிப்பவன்

இந்த வருஷ அம்மன் கோயில் கொடைத் திருவிழாவிலும் தெரு இளைஞர் மன்றத்துப் பையன்கள் மைக்கில் அந்தக் கதையைச் சொன்னார்கள். முன்னொரு காலத்தில் நம் தெருவில் உப்பால் படம் போட்டார்கள், விடிந்து பார்த்தால் படம் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது, விவரம் பத்தாத காலம் என்று ஒரு பையன் சொல்ல, நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் வயசுக்காரர்கள் நீங்கள் நாலைந்து பேர் முன்வரிசையில் இருந்தீர்கள். நீங்களும்தான் சிரித்தீர்கள். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அது அப்படி நடக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதியது, குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பேச ஆரம்பித்தால் நடுவில் யாராவது புகுந்து வேறு பேச்சை எடுத்துவிடுவார்கள். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

அப்போது எனக்குப் பத்து வயது முடிந்திருந்தது. நம் தெருவில் பாதிப் பேர் உப்பளத்துக்குப் போனார்கள், மீதிப் பேர் துறைமுகத்துக்குப் போனார்கள். என் அப்பா தோணியில் போனார். கொழும்புக்கோ மாலத்தீவுக்கோ சரக்கேற்றிக்கொண்டு போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. வந்தால் பத்து நாள் தூங்குவார், பிறகு போய்விடுவார். அம்மா அண்ணாச்சியின் உப்பளத்தில் உப்புச் சுமந்தாள். அண்ணாச்சி என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும். மன்றத்துச் சின்னப் பையன்களுக்காகச் சொல்கிறேன். தெருமுக்கில் பலசரக்குக் கடையும் ஊருக்கு வடக்கே உப்பளமும் வைத்திருந்தவர், கொடைக் கமிட்டித் தலைவர். நம் தெருவில் எத்தனையோ அண்ணாச்சிகள் இருந்தார்கள். பேர் சொல்லாமல் வெறுமனே அண்ணாச்சி என்றால் அவர் ஒருவர்தான்.

கொடைக்குச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் அம்மன் கோயில் முன்னால் சாயம் ஏற்றிய உப்பில் ஒரு படம் போடுவார்கள். நம் வீட்டு முற்றம் மூன்று சேர்ந்த அளவு இருக்கும். சாயங்காலம் விருந்தாளி வந்து பார்ப்பார். மறுநாள் முளைப்பாரி எடுத்த பெண்கள் அந்தப் படத்தின் மேலேயே நடந்து போவார்கள். காலடியில் படம் அழியும். அழிந்த உப்பை ஆளுக்கு ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய்க் கடலில் போட்டால், கடல்மேல் இருக்கிற ஆண்கள் நல்லபடியாகத் திரும்புவார்கள் என்று ஒரு நம்பிக்கை. இப்போது கலர் பவுடரில் போடுகிறார்கள். பறக்கிற காமிராவை மேலே விட்டுப் படமும் பிடிக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

முந்தின வருஷம் கலங்கரை விளக்கம் போட்டார்கள். கடைகளுக்குப் போர்டு எழுதுகிற ஒருவர் வந்து கோடு இழுத்தார். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு முடித்தபோது அது கோணல் மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது. "இதுல வெளிச்சம் வராது, காரம்தான் வரும்" என்று உப்பளத்துக் கங்காணி சொன்னார். அம்மா விளக்குமாற்றை எடுத்து ஒரு ஓரத்தைக் கூட்டித் தள்ளி, இரண்டு பிடி உப்பை வேறு இடத்தில் தூவினாள். கலங்கரை விளக்கம் நிமிர்ந்து நின்றது. அண்ணாச்சி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் நீயே போடு என்று அப்போதே சொல்லிவிட்டார்.

அம்மா எங்கேயும் போய்ப் படித்தவள் இல்லை. கட்டிப்பால் டப்பாவின் அடியில் ஆணியால் மூன்று துளை போட்டு வைத்திருந்தாள். அதில் உப்பை நிரப்பி, ஒரு விரலால் துளையை அடைத்தும் திறந்தும் கோடு இழுப்பாள். சாயம் ஏற்றுவதுதான் பெரிய வேலை. தண்ணீர் பட்டால் உப்புக் கரைந்துவிடும். அதனால் துணிக்குப் போடுகிற நீலத்தைத் தூளாகவே உப்பில் கொட்டி, சுளகில் வைத்துக் கையால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மஞ்சள், செங்கல் தூள், அடுப்புக்கரி எல்லாம் அப்படித்தான். உப்புப் பாத்தியில் நின்று வெடித்த விரல்களில் நீலம் ஏறினால் அம்மா பல்லைக் கடித்துக்கொள்வாள். நானும் கூட உட்கார்ந்து தேய்த்தேன். பள்ளிக்கூடத்தில் என் கையைப் பார்த்துவிட்டு வாத்தியார், சாக்கடையில் விழுந்தாயா என்று கேட்டார். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. இருந்த இடத்திலேயே நின்றேன்.

நான் அப்படித்தான் இருந்தேன். கடைக்குப் போனால் என்ன வேண்டும் என்று கேட்கும்வரை நிற்பேன். கேட்டாலும் பாதி நேரம் கையைக் காட்டித்தான் வாங்குவேன். நம் தெருப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நம் பையன்கள் எல்லோரும் பாதி நாள் உப்பளத்தில் நின்று, பிறகு முழு நாளும் அங்கேயே நின்றுவிட்டார்கள். இவனை வெளியூர் போர்டிங்கில் போட்டால்தான் தப்புவான், வாயும் திறக்கும் என்பது அம்மாவின் எண்ணம். சாயர்புரம் பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்கினால் ஒரு போர்டிங் பள்ளிக்கூடம் அப்போது இருந்தது. அதன் தாளாளர்தான் கொடைக்கு விருந்தாளியாக வருகிறவர். கூத்து, மேளம், படம் என்றால் அவருக்கு உயிர். முந்தின வருஷம் நையாண்டி மேளத்தில் தவில் அடித்தவரின் மகனுக்கு அவர் தன் போர்டிங்கில் இடம் கொடுத்திருந்தார். அண்ணாச்சி அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"படத்தைப் பாத்தா யாரு போட்டதுன்னு கேப்பாரு. அந்த எடத்துல ஒன்னையும் ஒன் மவனையும் முன்னால நிறுத்துதேன். அப்பவே பயலுக்கு எடம் கேட்டுருவோம். நீ படத்தை மட்டும் ஒழுங்கா முடி."

அம்மா அன்று வீட்டுக்கு வந்து என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள். சனிக்கிழமைகூட இல்லை, சும்மா ஒரு திங்கட்கிழமை.

எனக்கும் அந்தப் போர்டிங் வேண்டும் என்றிருந்தது. தவில்காரர் மகன் விடுமுறைக்கு வந்தபோது அங்கே மூன்று வேளையும் சோறு உண்டு, பம்புசெட்டில் குளிக்கலாம் என்றெல்லாம் சொன்னான். அது ஒன்றும் என் காதில் ஏறவில்லை. படம் வரைவதற்கென்றே ஒரு வகுப்பு இருக்கிறது, வண்ணப்பெட்டி பள்ளிக்கூடத்திலேயே தருவார்கள் என்றான். அது ஏறியது. அந்தப் பெட்டியில் எத்தனை கலர் என்று கேட்க நினைத்து, இரண்டு நாள் அவன் பின்னால் நடந்தேன். கேட்கவில்லை. இடம் கிடைக்காவிட்டால் ஜூன் மாதம் உப்பளம். கங்காணி ஏற்கெனவே என் தோளை அழுத்திப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த வருஷப் படம் முத்துக்குளிப்பவன் என்று முடிவானது. மேலே வெள்ளைப் பாய் விரித்த படகு, அதில் கயிறு பிடித்தபடி மச்சான், கீழே நீலத்துக்குள் தலைகீழாக இறங்குகிற ஆள், அவன் கழுத்தில் சிப்பிப் பை. கயிறு பிடிக்கிறவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும். தங்கையைக் கட்டிக்கொடுத்தவன்தான் கயிற்றை விடமாட்டான் என்று அம்மா சொன்னாள். தரையில் கரிக்கட்டியால் மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். குளிக்கிறவன் முகம் மட்டும் அப்பா சாயலில் வந்துகொண்டே இருந்தது. மூக்கை மாற்றினாள், அப்படியும் அப்பாவாகவே இருந்தது. சரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

உப்பு எடுக்கப் போன அன்று நானும் கூடப் போனேன். உங்களுக்குத் தெரியாதது இல்லை, என்றாலும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் வாரின புது உப்பு கண் கூசுகிற வெள்ளையாக இருக்கும். ஆனால் அதில் கசப்புத் தண்ணீர் ஊறியிருக்கும், கடல்காற்றுப் பட்டால் வேர்க்கும். போன வருஷத்து உப்பு, ஓலை மூடி ஒரு மழைக்காலம் கிடந்து தண்ணீர் வடிந்து காய்ந்திருக்கும். எந்தக் காற்றுக்கும் அசையாது. ஆனால் லேசாகப் பழுப்பு அடித்திருக்கும். அம்மா பழைய உப்பை எடுப்போம், சலித்தால் வெள்ளையாகத்தான் இருக்கும் என்றாள். அண்ணாச்சி பழைய உப்பில் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"ஏளா, பாய் அழுக்கு வேட்டியாட்டம் இருந்தா பாக்குறவன் என்ன நெனைப்பான்? நம்ம உப்பு எப்பிடின்னு ஊரு பாக்கணும்லா. மேக்காத்து அடிக்குது, நாலு மணிக்கு ஆளு வாராரு, ஆறு மணிக்குள்ள பாத்துட்டுப் போயிருவாரு. அதுவரைக்கும் இந்த உப்பு வேர்க்குமா? நீயே சொல்லு."

அது உண்மைதான். வைகாசியில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றில் ஈரமே இருக்காது. அந்தக் காற்று இருக்கும்வரை புது உப்பும் கல் மாதிரி கிடக்கும். அம்மா வானத்தைப் பார்த்தாள், தென்னைமரத்தைப் பார்த்தாள், ஆமாம் என்று தலையாட்டினாள். அவர்கள் இரண்டு பேரும் உப்பைப் பற்றியோ காற்றைப் பற்றியோ தப்பாக நினைக்கவில்லை. விருந்தாளி நாலு மணிக்கு வந்துவிடுவார் என்பதை மட்டும் உப்பையும் காற்றையும் போல நம்பிவிட்டார்கள்.

வெளியூர்க்காரனுக்கு இந்தத் தப்பு வராது. அவன் பயந்துபோய்ப் பழைய உப்பையே எடுத்திருப்பான்.

எனக்கு மட்டும் நம்பிக்கை இல்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. பங்குனியில் வாரின முதல் உப்பில் கொஞ்சம் எடுத்துவந்து நீலம் தேய்த்து, என் உடைந்த சிலேட்டில் ஒரு மீன் போட்டு, மழைக்காகிதம் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். மழைக்காகிதம் என்றால் பிளாஸ்டிக், அப்போது அப்படித்தான் சொல்வோம். யாருக்கும் தெரியாமல் ஒரு படம் என்னிடம் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாம் நாள் பிரித்தால் மீன் இல்லை. காகிதத்தின் உள்பக்கம் முழுக்க நீலத் துளிகள். காற்றே படாமல் கட்டி வைத்ததுதான் அப்படி வேர்த்தது. அதே நாளில் பக்கத்தில் ஒரு ஓலைப்பெட்டியில் கிடந்த மிச்ச உப்பு அப்படியே இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உப்பைத் திருடினாயா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கோயில் முன்னால் தண்ணீர் தெளித்துச் சாணி மெழுகினார்கள். ஏழு மணிக்கு அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் உட்கார்ந்தார்கள். அம்மா நிமிர்ந்தபோது மத்தியானம் இரண்டு மணி. இடையில் ஒரு தடவை மட்டும் தண்ணீர் குடித்தாள். படம் முடிந்ததும் ஒலிபெருக்கிக்காரன் பாட்டை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வந்து பார்த்தான். அந்தப் பாயின் வெள்ளையை நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. வெயிலில் அதைப் பார்க்க முடியாமல் ஆட்கள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி படத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். குளிக்கிறவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, தோணிக்காரன் இங்கன வந்து படுத்திருக்கான்" என்று அம்மாவைக் கேலி செய்தார். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

நாலு மணி ஆனது. ஐந்து ஆனது. எனக்கு வெளுத்த சட்டை போட்டுத் தலைசீவி நிறுத்தியிருந்தார்கள். ஆறு மணிக்கு அண்ணாச்சி கடை டெலிபோனில் தகவல் வந்தது. தாளாளர் ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டியதாகிவிட்டது, நாளைக் காலை ஏழு மணிக்கு வருகிறார். அண்ணாச்சி அதையே ஒரு நல்ல சேதி மாதிரி மைக்கில் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காற்று நின்றது. தோரணத்தில் கட்டியிருந்த காகிதங்கள் தொங்கிப்போயின. கொஞ்ச நேரத்தில் கடல் பக்கமிருந்து பிசுபிசுப்பாக ஒரு காற்று வந்தது.

மூடிவைக்கலாம் என்றார் ஒருவர். ஓலை கொண்டுவரலாம் என்று இன்னொருவர் சொன்னதாக எனக்கு ஞாபகம். அதற்குள் அண்ணாச்சி, துறைமுகத்திலிருந்து கொடைக்கு வந்திருந்த லாரிக்காரரிடம் புதுத் தார்பாய் இருப்பதைப் பார்த்துவிட்டார். நீலக் கலர், மடிப்புக் கலையாதது. நாலு பக்கமும் செங்கல் அடுக்கி அதன்மேல் விரித்தால் உப்பில் படாது, ஒரு துளி பனி இறங்காது என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே செங்கல் சுமந்தார். நல்ல மனதோடுதான் செய்தார். அதையும் சொல்ல வேண்டும்.

எனக்குச் சிலேட்டு ஞாபகம் வந்தது. காலையில் தெளித்த தண்ணீர் தரையில் இருக்கிறது. மேலே மூடினால் அந்த ஈரம் எங்கே போகும்? நான் அண்ணாச்சி பக்கம் போனேன். அவர் மேளக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார், பொறுடே என்று கையைக் காட்டினார். பொறுத்தேன். பிறகு லாரிக்காரரிடம் போனார், பின்னாலேயே போனேன். தார்பாயைப் பிரிக்கிற நேரம் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். முழுதாகச் சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை.

"அண்ணாச்சி, தார்பாய் போட்டா வேர்க்கும். ஓலை போட்டாப் போதும்."

ஒலிபெருக்கிக் குழாய் எங்கள் தலைக்கு மேலே இருந்தது. அண்ணாச்சி குனிந்து என் முகத்தைப் பார்த்தார். காலையிலிருந்து சாப்பிடாமல் என் முகம் வாடியிருந்திருக்கும். "பய பசியில நிக்கான். இதைக் கவனிக்க ஆளில்லையா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, விருந்தாளிக்கென்று வாங்கி வைத்திருந்த பெட்டியைத் திறந்து ஒரு மக்ரூனை எடுத்து, வாயைத் தொற என்றார். திறந்தேன். உள்ளே வைத்து அழுத்தினார். நம் ஊர் மக்ரூனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். முந்திரியும் சர்க்கரையும் மேல்வாயில் ஒட்டிக்கொண்டு கரைந்து முடிய நேரமாகும். அது முடிந்து நான் வாயைத் திறப்பதற்குள் தார்பாய் விரித்தாகிவிட்டது. எல்லோரும் பந்தலுக்குப் போய்விட்டார்கள்.

அம்மாவைத் தேடிப் போனேன். கிணற்றடியில் கையைக் கல்லில் தேய்த்து நீலத்தைப் போக்கிக்கொண்டிருந்தாள். சிலேட்டில் மீன் போட்டது, மழைக்காகிதத்தில் சுற்றியது, வேர்த்தது எல்லாம் சொன்னேன். உப்பை எடுத்ததற்கு அவள் திட்டவில்லை. தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கோயில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னைவிட அவளுக்குத்தானே உப்பு தெரியும். ஒரு நிமிஷம் இருக்கும். எழுந்திருக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சியே மூடினதுல்லா ஐயா. நாம போய்த் தொறந்தா நல்லாவா இருக்கும்? ஒண்ணும் ஆகாது. போய்ப் படு" என்றாள்.

ஏழு மணி நேரம் குனிந்தே இருந்தவள். உப்பளத்துக்காரரிடம் போய் நீங்கள் செய்தது தப்பு என்று சொல்ல வேண்டும். இப்போது நினைத்தால் புரிகிறது. புரிவதால் ஆத்திரம் குறைவதில்லை. நாலு ஓலை போட்டிருந்தால் போதும்.

காலையில் தாளாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை, அமைதியான மனிதர். துக்க வீட்டுக்குப் போய்விட்டுத் தூங்காத கண்ணோடு வந்திருந்தார். அவர் முன்னால்தான் தார்பாயைத் தூக்க வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். நாலு பேர் நாலு மூலையைப் பிடித்தார்கள். நடுவில் தார்பாய் தண்ணீர் கோத்துத் தொங்கி உப்பில் ஒட்டியிருந்தது. தூக்கியதும் குளிக்கிறவனின் முகம் அதோடு பிய்ந்து மேலே வந்தது. கீழே அந்த இடத்தில் ஈரத்தரை. நீலம் படகின் வெள்ளைப் பாய்க்குள் ஏறியிருந்தது. கயிறு கரைந்து ஓடிப்போயிருந்தது. தார்பாயிலிருந்து நீலத் தண்ணீர் சொட்டியது. ஒலிபெருக்கிக்காரன் பாட்டைக் குறைத்தான். அது இன்னும் மோசமாக இருந்தது.

தாளாளர் கொஞ்ச நேரம் பார்த்தார். படகும் கொஞ்சம் நீலமும் இன்னும் இருந்தன. கயிறு பிடித்த மச்சானின் இரண்டு கைகள் மட்டும் அப்படியே இருந்தன. அதைக் காட்டி, யார் போட்டது என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் நாங்கள் நின்றிருந்தோம்.

"உப்பளத்துப் பொம்பளையாளுக போட்டது சார்" என்றார் அண்ணாச்சி. "பழைய உப்பை எடுங்கன்னுதான் சொன்னேன். புது உப்பை எடுத்துட்டாளுக. வெவரம் பத்தாது."

அம்மா அங்கேதான் நின்றாள், அவரிடமிருந்து நாலடி தூரத்தில். அவள் நிமிரவில்லை. என் தோளில் இருந்த அவள் கை மட்டும் இறுகியது. பேசாதே என்பதற்காக இறுகியதா, பேசு என்பதற்காகவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அவள் இருந்தவரை கேட்கவும் இல்லை.

தாளாளர் பெண்கள் பக்கம் பார்த்தார். வெளுத்த சட்டையில் நின்ற என்னைப் பார்த்தார். நடந்து வந்து, தம்பி பேர் என்ன என்று கேட்டார். நான் சொல்ல வேண்டியது என் பேர் மட்டும்தான். பேரைச் சொல்லியிருந்தால் எந்த வகுப்பு என்று கேட்டிருப்பார், அதற்குப் பிறகு வாசல் தானாகத் திறந்திருக்கும். என் பேர் எனக்குத் தெரியும். நாக்கு வரைக்கும் வந்தது. நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர் குடையின் கைப்பிடியையே பார்த்தேன். "கூச்சப்படுறான்" என்று சொல்லிக் கன்னத்தில் தட்டிவிட்டு, அண்ணாச்சியோடு காப்பி குடிக்கப் போனார். கார் கிளம்பும்போது அண்ணாச்சி கதவைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கிறார், எனக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். கார் போய்விட்டது. அண்ணாச்சி எங்கள் பக்கம் திரும்பாமல் பந்தலுக்குள் போனார்.

ஒன்பது மணிக்கு முளைப்பாரி கிளம்பியது. ஈர உப்பை மிதித்துப் பெண்கள் நடந்தார்கள். கோயிலிலிருந்து கடல்வரை தெரு முழுக்க நீலக் காலடி. அம்மாவும் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனாள். அது கடலுக்குப் போய்ச் சேருமுன் அவள் விரலிடுக்கில் பாதி ஒழுகிவிட்டது. அப்பா அந்தத் தடவை நல்லபடியாகத்தான் வந்தார்.

ஜூன் மாதம் நான் உப்பளத்துக்குப் போனேன். உப்பு வார எனக்கு அளவாக ஒரு சின்னப் பலகை கொடுத்தார் கங்காணி. அடுத்த வருஷக் கொடைக்கும் அம்மாதான் படம் போட்டாள், பழைய உப்பில். அதற்கு அடுத்த ஆறேழு வருஷமும் அவள்தான் போட்டாள். ஒரு படமும் வேர்க்கவில்லை. தாளாளர் பிறகு வரவில்லை, வயதாகிவிட்டது என்றார்கள். முத்துக்குளிப்பவனை மட்டும் அவள் மறுபடி போடவில்லை. கட்டிப்பால் டப்பா எப்போது தொலைந்தது என்று தெரியவில்லை. லாரிக்காரர் தன் தார்பாயை அன்றே மடித்துக் கொண்டுபோய்விட்டார். அதில் அந்த முகம் இருந்தது. சாயம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ரொம்ப நாள்வரை துறைமுக ரோட்டில் நீலத் தார்பாய் கட்டின லாரி போனால் நான் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பேன். சில நாள் இரண்டு மூன்று லாரிகளின் பின்னாலேயே போயிருக்கிறேன். கரி ஏற்றின லாரிகள்தான் அதிகம். முகம் எதிலும் இல்லை.

இவ்வளவும் மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த வருஷக் கொடை முடிந்த மறுநாள் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கடை, உப்பளம் எல்லாம் மகன்கள் பார்க்கிறார்கள். அவர் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காது நன்றாகத்தான் கேட்கிறது. மருமகள் எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டு உள்ளே போனாள். நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்ததால் நிறுத்தாமல் சொன்னேன். சிலேட்டு, தார்பாய், மக்ரூன், அம்மாமேல் பழி சொன்னது எல்லாம். அவர் நடுவில் பேசவே இல்லை. என் வாழ்நாளில் நான் சொல்வதை முழுதாகக் கேட்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

"தார்பாய்தான்னு எனக்கு அன்னைக்குக் காலையிலயே தெரியும்டே" என்றார். "தூக்கும்போதே தெரிஞ்சு போச்சு."

அம்மாவை ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். யாரையாவது சொல்ல வேண்டியிருந்தது என்றார். அதை அவர் மறைக்கவில்லை. எனக்கு இடம் கேட்பதாகச் சொன்னீர்களே, படம் கெட்டுப்போனதால்தானே அது போனது என்றேன்.

அவர் கொஞ்சம் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். "படத்துக்கும் எடத்துக்கும் என்னடே இருக்கு? தவில்காரன் மவனுக்கு அவரு மேளம் கேட்டா குடுத்தாரு? நான் கார்க்கிட்ட நின்னு ஒரு வார்த்தை கேட்டேன், குடுத்தாரு. ஒனக்கும் கேட்டா அங்கனயே குடுத்திருப்பாரு."

"பின்ன ஏன் அண்ணாச்சி கேக்கல?"

அவர் வேட்டி நுனியை முழங்காலில் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய மனிதர், மைக் இல்லாமலே தெருக்கோடிவரை குரல் போகும். கீழே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கேக்கணும்னுதான் கார்க்கிட்ட போனேன். படம் அப்பிடிக் கெடக்கு, ஆளுக சுத்தி நிக்காவ. வழியைப் பத்தி, மழையைப் பத்தி என்னமோ பேசினேன். கூச்சமாப் போச்சுடே. வாய் வரல."

திட்டுவதற்கென்று எத்தனையோ வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் இருந்தன. அவர் கர்வத்தால் கேட்கவில்லை, மறந்துபோனார், எங்களை மதிக்கவில்லை என்று எது காரணமாக இருந்திருந்தாலும் அன்று அவற்றைக் கொட்டியிருப்பேன். உலகத்தில் நான் குற்றம் சொல்ல முடியாத ஒரே காரணத்தை அவர் சொல்லிவிட்டார். கூச்சத்தால் வாய் வரவில்லை என்கிற ஒருவரை நான் என்னவென்று கேட்பது?

மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். சூடு அதிகம், இருந்தாலும் நிறுத்தாமல் குடித்தேன். போயிட்டு வாரேன் அண்ணாச்சி என்று எழுந்தேன். அவர் தலையை ஆட்டினார். வெளியே வரும்போது அவர்கள் வீட்டு இரும்புக் கதவை நான் சாத்தவில்லை. வேண்டுமென்றுதான் சாத்தவில்லை. அதற்கு மேல் கோபத்தைக் காட்ட எனக்குத் தெரியவில்லை. முக்கு திரும்புவதற்குள் யாரோ வந்து அதைச் சாத்துகிற சத்தம் கேட்டது.